பழைய பிக்அப்பின் வயதை விடுங்கள், அடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர், வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டபடியால் இனி இருபது வருடத்துக்கு மேற்பட்ட பிக்அப், டபுள் கேப் (இரண்டு வரிசை ஆசனம் உள்ள பிக்அப்) வண்டிகளை எல்லாம் கொழும்பு வீதிகளிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். புகை கக்குகின்றன, நடுவீதியில் நின்று பாதையை அடைக்கின்றன, பிரேக் பிடிக்காது என்று காரணங்களையும் அடுக்கியிருந்தார். நான் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்கிறவன். அப்பா வாங்கிய 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப்பைத்தான் இன்றைக்கும் ஓட்டுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரேக் விஷயத்தில் அந்த வாசகர் சொல்வது நியாயம். ஆனால் வயதை வைத்து வண்டியைக் கழிக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

முதலில் இந்த வண்டி ஏன் இன்னும் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "டொயோட்டாவுக்குச் சாவே இல்லை" என்கிற பேச்சு நம்மவர்களிடம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, அதை நம்பியே பலர் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொட்டுகிறார்கள். என்னுடையது எல்.என். 106. 1988இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹைலக்ஸில் ஒரு மொடல். எஞ்சின் த்ரீ எல், 2,779 சீசி, டேர்போ கிடையாது, கொம்பியூட்டர் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வேலை. ஒருதரம் ஸ்டார்ட் ஆகிவிட்டால் எஞ்சினுக்குத் தேவைப்படுகிற மின்சாரம், டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கிற சின்ன சொலனொய்ட் ஒன்றுக்கு மட்டும்தான். டீசலைத் தெளிக்கிற நொசில் திறக்கிற அழுத்தம் சுமார் 150 பார். இப்போது வருகிற, கொம்பியூட்டர் கட்டுப்படுத்துகிற கொமன் ரெயில் எஞ்சின்களில் 1,500 பாரையும் தாண்டுகிறது, அங்கே டீசலோடு கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போய்ச் சேர்ந்தால் இன்ஜெக்டர்களுக்கு வருகிற பில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குப் போகும். என்னுடையதில் பில்டரின் அடியைத் திருகித் தண்ணீரை வடித்து, மேலே இருக்கிற கைப்பம்பை அழுத்திக் காற்றை எடுத்துவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம்.

புதிய டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று வருகிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சூடேறி ஓடினால்தான் அது சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாகும். ஆமர் வீதியிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிற என்னைப் போன்றவனுக்கு அது என்ன கதியாகும் என்று நினைத்துப் பாருங்கள். புதிது வாங்கப் பயப்படுவதற்கு விலை ஒரு காரணம்தான், ஒரு டபுள் கேப் கோடியைத் தாண்டி நிற்கிறது. அதை வாங்கினாலும் எங்கள் வேலைக்கு அது சரிவருமா என்பது மற்றக் காரணம்.

அதற்காக என் வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் இலை ஸ்பிரிங், வெறும் வண்டியாகப் போனால் குழி ஒவ்வொன்றும் இடுப்பில் கணக்கு எழுதும். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது பின்னால் வருகிற பஸ்காரர் ஹோன் அடித்தே என்னைத் தள்ளிவிடப் பார்ப்பார். ஏசி பேருக்கு இருக்கிறது. தூரப் பயணத்தில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கிட்ட வரும், நகரத்துக்குள் அதுவும் இல்லை.

வண்டி இடையில் நிற்கிறது என்கிறாரே, அதைப் பார்ப்போம். த்ரீ எல் எஞ்சினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட் இருக்கிறது, 100,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். கம்பனிக்காரன் புத்தியாக டாஷ்போர்டில் இதற்கென்றே ஒரு விளக்கு வைத்திருக்கிறான், தூரம் வந்ததும் எரியும். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைக்கவும் வழி இருக்கிறது, மீற்றர் பெட்டியில் ஒரு ஸ்க்ரூவை இடம் மாற்றினால் போதும். அந்த வழி எல்லாக் கராஜுக்கும் தெரியும், விற்கிற தரகர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மீற்றரையே பின்னுக்குச் சுற்றிவிடுகிற நாட்டில் விளக்கு எந்த மூலைக்கு! அதனால் பழைய வண்டி வாங்கினால் முதல் வேலை, முன்னைய சொந்தக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் சரி, பெல்ட்டையும் அதன் டென்ஷனர் பெயாரிங்கையும் மாற்றிவிட்டு அன்றிலிருந்து கணக்கு எழுதுவது. நிசானின் டி.டி. 27 எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது பல்சக்கரத்தில் ஓடுகிறது. மிட்சுபிஷியின் 4டீ56 ஆட்களுக்கோ கவலை இரட்டிப்பு, அதில் இரண்டு பெல்ட், சின்னது அறுந்து பெரியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது சூடு. இந்த எஞ்சினுக்கு உண்மையான எதிரி கொழும்பு வீதி நெரிசல்தான். மலையில் பாரம் இழுத்துக்கொண்டு ஏறும்போது வராத சூடு, மதியம் காலி நகருக்குப் போகிற காலி வீதியில் ஸ்கூல் விடுகிற நேரம் நிற்கும்போது வரும். காரணம் பெரும்பாலும் விசிறி. அதன் நடுவில் சிலிக்கன் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கிறது, சூடு ஏறினால் அது இறுகி விசிறியை வேகமாகச் சுற்ற வைக்கும். வருடக்கணக்கில் அந்த எண்ணெய் கசிந்து போனால் விசிறி சும்மா சுற்றுகிற மாதிரி சுற்றும், காற்று இழுக்காது. ஓடும்போது எதிர்க்காற்று கைகொடுப்பதால் ஒன்றும் தெரியாது, நின்றால் ஊசி மேலே ஏறும். எஞ்சின் சூடாக இருந்து அணைத்த உடனே விசிறி எத்தனை சுற்றுச் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். பிடிப்போடு சட்டென்று நின்றால் நல்லது, காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் போய்விட்டது. இதைக் கவனிக்காமல் விட்டு ஊசி சிவப்பைத் தொட்டால் ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழும், இந்த வகை எஞ்சின்களின் பலவீனமே அதுதான். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கூலன்ட் என்பது பணக்காரர்களுக்கான சங்கதி என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஆக, பெல்ட், விசிறி, ரேடியேட்டர் ஹோஸ், பற்றரி முனை. இவற்றை ஒழுங்காகப் பார்த்தால் இந்த வண்டி இலகுவில் நடுவீதியில் நிற்காது. நின்றாலும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கும்வரை அநாதையாகாது. அங்கே கடை நானாவிடம் போய்ப் பொருளின் பெயரைச் சொன்னால் "த்ரீ எல் தானே? ஒரிஜினலா, ஜப்பான் கழட்டினதா, சைனாவா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். பழைய வண்டியின் ஆயுளே இந்த மூன்று கேள்விக்கு நாம் சொல்கிற பதிலில்தான் இருக்கிறது. கதவுக் கைப்பிடி, சிக்னல் விளக்கு, வைப்பர் மோட்டார் போன்றவற்றுக்கு நான் ஜப்பானில் கழற்றிய பழையதையே வாங்குவேன், அது புதுச் சைனாவைவிட நீண்ட நாள் உழைக்கும். பெல்ட், பிரேக் சிலிண்டர் ரப்பர், ஸ்டியரிங் மூட்டு என்றால் புதிது, அதுவும் ஒரிஜினல், விலை எதுவானாலும். பிரச்சினை என்னவென்றால் இப்போது ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே டூப்ளிகேட் வருகிறது. ஹொலோகிராம் ஒட்டி, பார்கோட் அடித்து, அச்சு அசலாக. 2022இல் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சமாக இருந்து மே மாதத்துக்குள் 360 ஆனபோது ஒரிஜினலின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, அந்த இடைவெளியில்தான் இந்தப் போலிச் சரக்கு நன்றாக வேரூன்றியது என்பது என் எண்ணம்.

அந்த வருடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போய், அதுவும் கிடைக்காமல், கியூ வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்பிய காலம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் அட்டை வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். அப்போது மண்ணெண்ணெய் 87 ரூபா. பழைய எஞ்சின் எதையும் குடிக்கும் என்று டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். வண்டி ஓடியது உண்மை. ஆனால் இந்த வகை டீசல் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு வழவழப்பு, மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவானதும் கலப்பது நின்றது, தேய்ந்த பம்ப் தேய்ந்ததுதான். இன்றைக்கு வீதியில் கரும்புகை விடுகிற வண்டிகளில் சிலவற்றின் கதை அங்கே தொடங்கியிருக்கும். அதற்கு வண்டி எந்த வருடத்தில் பிறந்தது என்பதோடு என்ன தொடர்பு?

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பழைய பிக்அப்பைக் கொல்வது எஞ்சின் இல்லை, துரு. கொழும்பில் கடற்காற்று எப்போதும் வீசுகிறது. மட்டக்குளி, முகத்துவாரம், வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், புது கேட்டுக்குக்கூட ஒரு வருடத்தில் கொப்புளம் வரும். பிக்அப்பின் பாரம் முழுவதையும் தாங்குகிற சேஸி உள்ளே வெறுமையான பெட்டி இரும்பு. மழைத் தண்ணீரும் சேறும் துளைகளால் உள்ளே போய்த் தங்கிவிடும், வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். அதிகம் தின்பது பின் சில்லுக்கு மேலே சேஸி வளைகிற இடத்தையும் ஸ்பிரிங்கின் பின் முனை தொங்குகிற கொளுவியையும். போன வருடம் என் வண்டியைப் பின்பெட்டி கழற்றிப் பார்த்தபோது, இடப்பக்கக் கொளுவிக்கு மேலே டிங்கர்காரர் சுத்தியலால் மெல்லத் தட்டினார், 'டிண்' என்று வர வேண்டிய இடத்தில் 'தொப்' என்று வந்தது, இன்னொரு தட்டில் சுத்தியல் மூக்கு உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே கறுப்புப் பெயின்ற் மட்டும்தான். அந்தத் துண்டை வெட்டியெடுத்து அதே தடிப்பில் இரும்பு வைத்து ஒட்டி, உள்ளுக்குத் துரு எதிர்ப்பு அடித்து முடிக்க, எஞ்சின் வேலை எதற்கும் கொடுக்காத காசைக் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டிருந்தால் ஒருநாள் சீமெந்து மூடையோடு போகும்போது ஸ்பிரிங் சேஸியைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும், பின்னால் வந்தவர் யாரோ அவருக்குத்தான் ஆபத்து.

அந்த வாசகர் பிரேக்கைப் பற்றிச் சொன்னாரே, அதற்கும் காரணம் அடியில்தான் இருக்கிறது. பின் அக்சிலிலிருந்து சேஸியில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திருப்பிப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும், வெறும் வண்டியில் குறைக்கும். துருப்பிடித்து அது பாரம் ஏறிய நிலையிலேயே இறுகிவிட்டால், வெறும் வண்டியில் மழை நேரம் பிரேக் மிதித்ததும் பின் சில்லு பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வீசும். இப்படி ஒரு வால்வு இருப்பதே பலருக்குத் தெரியாது. சில கராஜில் கம்பியைக் கழற்றிக் கட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த மாதிரி வண்டிகளில் இவை எதையும் நம் நாட்டில் யாரும் பார்ப்பதில்லை. என் வண்டிக்கு வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் கேட்பது காப்புறுதியும் புகைச் சான்றிதழும். 2008இலிருந்து இந்தப் புகைச் சோதனை நடக்கிறது, நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே சைலன்சருக்குள் குழாயை விட்டு எக்ஸிலரேட்டரை மிதித்துப் புகையை அளக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் நாள் கராஜில் பம்பின் ஸ்க்ரூவைக் குறைத்து டீசலைச் சுருக்கிக்கொண்டு போய், சான்றிதழ் கையில் கிடைத்ததும் திரும்பக் கூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். சேஸியில் ஓட்டை, ஸ்டியரிங் மூட்டில் ஆட்டம், பிரேக் குழாயில் கசிவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு வண்டி அந்தச் சோதனையில் சித்தியடையும். சொன்னால் சிரிப்பீர்கள், என் வண்டியின் அடியை ஒழுங்காகப் பார்த்தவர்கள் யுத்த காலத்துச் சோதனைச்சாவடிக்காரர்கள்தான். ஒவ்வொரு சாவடியிலும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நீளக் கம்பில் கண்ணாடி கட்டி வண்டிக்குக் கீழே தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அவர்கள் தேடியது வேறு. யுத்தம் முடிந்தது, கண்ணாடியும் போனது, அதற்குப் பிறகு அரசாங்கத்தின் பெயரில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இன்னொன்று, 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனிப்பட்ட வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய பிக்அப்புகளின் விலை தாறுமாறாக ஏறியது. விலை ஏறினால் பூச்சு வேலையும் ஏறும். ஓட்டையை மறைக்கிற கட்டலோய்ப் பசை அப்பி, கறுப்பு அடித்து, புது டயர் போட்டு, "ஒரே கை, டொக்டர் ஓட்டினது" என்று விற்கிறார்கள். இப்போது புதிது வாங்க வழியில்லாத இளம் பிள்ளைகள், சின்ன வியாபாரம் தொடங்குகிறவர்கள், இந்த வண்டிகளைத்தான் வாங்குகிறார்கள், லீசிங் கிடைக்காததால் நகை அடகு வைத்துக் கைக்காசாக. தம்பிமாருக்குச் சொல்கிறேன், எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். எஞ்சின் போனால் வேறு ஒன்று வாங்கிப் பூட்டி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைப் பதிந்துகொள்ளலாம். சேஸி போனால் வண்டியே போய்விட்டது. குளிசை டப்பா அளவு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பில் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை. சேஸி இலக்கம் அடித்த இடத்தை வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பெட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று பாருங்கள். 20 மூடை சீமெந்து ஒரு தொன், டபுள் கேப்புக்கு அதுவே அதிகம், அதற்கு மேலும் ஏற்றி அடித்த வண்டியில் சேஸி நடுவில் வளைந்து அந்த இடைவெளி மேல்பக்கம் விரிந்திருக்கும். சீற் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். 2016 மே மாதம் களனி ஆறு ஏறிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியபோது நனைந்த வண்டிகளில் எத்தனையோ கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன, மற்ற எல்லாவற்றையும் கழுவியவர்கள் பெல்ட்டின் உள்முனையைக் கழுவ மறந்திருப்பார்கள், சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். முடிந்தால் வண்டியை ஒரு சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், வேறு வண்டி வரும்.

சரி, அந்த வாசகருக்கும் அவர் கேட்பதைக் காதில் வாங்கக்கூடிய அதிகாரிகளுக்கும் என் கோரிக்கை இவ்வளவுதான். இருபது வருடம் என்று ஒரு கோட்டைக் கீறினால், நன்றாகப் பராமரித்த முப்பது வருட வண்டி போய்விடும், அடி முழுக்க ஓட்டையான பத்து வருட வண்டி ஓடும். அதோடு மரக்கறி ஏற்றிப் பேலியகொடைக்கு வருகிறவர், பைப் ஏற்றி வத்தளைக்குப் போகிறவர், இவர்கள் எல்லோரும் நாளைக்கே கோடி ரூபா கொடுத்துப் புதிது வாங்கப் போவதும் இல்லை. வயது பத்தைத் தாண்டிய எல்லா வண்டியையும், பிக்அப் மட்டுமல்ல, கார், வான், எல்லாவற்றையும், புகை பார்க்கிற அதே இடத்தில் ஒரு குழிக்கு மேலே நிறுத்திச் சேஸி, பிரேக் குழாய், ஸ்டியரிங் மூட்டு மூன்றையும் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். ஒரு சுத்தியலும் ஒரு நெம்பும் போதும், பெரிய மெஷின் தேவையில்லை. தவறினால் திருத்திக்கொண்டு வர ஒரு மாதம் கொடுக்கட்டும். புகைச் சான்றிதழுக்குக் கட்டுகிற காசைப் போல இன்னொரு மடங்கு கேட்டாலும் நான் கட்டுவேன். என் வண்டியைத்தான் முதலில் குழிக்கு மேலே விடச் சொன்னாலும் விடுவேன், கொளுவி இப்போது புதிதாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய ஹைலக்ஸ்காரன் ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.